தத்தா, ஃபாஸ்டர் கேரா, படிப்புச் செலவா: ஒரு வருடம் போட்ட கணக்கு

மகள் கோவையில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. எனக்கு 48 வயது, மனைவிக்கு 45. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு எழுந்திருக்கும்போது, "ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வந்து வளர்த்தா என்னங்க?" என்றாள். சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே புரிய ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தில் அலசியதை, இப்போது அதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் குழப்பம் வார்த்தையிலேயே இருக்கிறது. நம் பேச்சில் வளர்ப்பு மகன் என்றால் தத்துப்பிள்ளைதான். அரசுத் தாளில் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று இருப்பது அதுவல்ல. அலுவலகத்தில் அதை ஃபாஸ்டர் கேர் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். தத்து எடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. இனிஷியலிலிருந்து சொத்து வரை எல்லாம் மாறிவிடும். ஃபாஸ்டர் கேரில் பிள்ளை இன்னொருவருடையது. ஒரு காலம்வரை உங்கள் வீட்டில் வளர்கிறது, அவ்வளவுதான். ஆற்றில் வந்த கர்ணனை எடுத்த ராதை முதல் வகை, கண்ணனை வளர்த்து மதுராவுக்கு அனுப்பிய யசோதை இரண்டாம் வகை. என்ன, வளர்க்கும்போது யசோதைக்கு அது தெரியாது. நாம் தெரிந்தே செய்ய வேண்டும்.

விஷயம் சொந்தபந்தத்தில் கசிந்ததும் இரண்டு போன் வந்தது. முதலாவது, யாருக்கோ தெரிந்த யாரோ: ஓர் ஆஸ்பத்திரியில் கல்யாணமாகாத பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம், கொஞ்சம் செலவாகுமாம், நேராகப் போய் வாங்கிக்கொள்ளலாமாம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, 80ஆம் பிரிவின்படி முறைப்படி இல்லாமல் தத்துக்குக் குழந்தையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், சில சமயம் இரண்டும். விலை பேசி வாங்கினால் 81ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவல். வளர்க்க முடியாத தாய், மாவட்டத்தில் இதற்கென்று இருக்கும் குழந்தைகள் நலக்குழுவிடம் பிள்ளையை முறைப்படி ஒப்படைக்கலாம். அதற்குப் பிறகும் மனம் மாற அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. நேரடி பேரத்தில் அந்த 60 நாள்தான் முதலில் காணாமல் போகிறது. போனை வைத்துவிட்டோம்.

இரண்டாவது போன் அப்படி வைக்க முடியாதது. மனைவியின் சித்தப்பா மகள். புருஷன் இறந்து ஒன்றரை வருடம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒன்பது வயதுப் பெண் குழந்தையை எங்களிடம் விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். "நீங்களே உங்க பொண்ணா வச்சுக்குங்கக்கா, எழுதி வேணும்னாலும் தர்றேன்."

எழுதித் தருவது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. பத்திரம் எழுதிப் பதிவு செய்வதெல்லாம் அதன்படிதான். ஆனால் ஏற்கெனவே மகள் இருப்பவர் அந்தச் சட்டத்தில் இன்னொரு மகளைத் தத்தெடுக்க முடியாது. மகன் இருப்பவர் இன்னொரு மகனை எடுக்க முடியாது. எங்களுக்கு அந்தக் கதவு அடைபட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினருக்கென்று தனி வழி உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் உறவினர் என்றால் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, தாத்தா, பாட்டி என்று நேர் உறவு மட்டும்தான். ஒன்றுவிட்ட சகோதரி கணக்கில் வரமாட்டாள். நம் வீடுகளில் ஒன்றுவிட்ட தங்கைக்கும் கூடப்பிறந்த தங்கைக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காப்பாளர் ஆகலாம். அது பிள்ளைக்கு 18 ஆகும்வரை.

இதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "அவளுக்குப் பிள்ளை வேண்டாம்னா விடுறா? பணம் இல்லைன்னுதானே விடுறா?" அதோடு அந்தப் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அம்மா உயிரோடு, பிரியத்தோடு இருக்கும்போது வறுமைக்காகப் பிள்ளையைப் பிரிப்பது சரியில்லை என்பது என் கட்சி. அதற்குத்தான் ‘நிதி ஆதரவு’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டி, மாமா வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் விழுந்தவர்கள் ஆகியோருக்கு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. அங்கேதான் இடித்தது. 96,000 என்றால் மாதம் 8,000. ஓவர்டைம் சேர்த்து அவள் மாதம் 11,000 வாங்கிக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனியில் ஒழுங்காக வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் இந்த வரம்புக்குள் வருவது கஷ்டம்.

கடைசியில் அந்தச் செலவை நாங்களே ஏற்றோம். பள்ளிக் கட்டணமும் மாதம் 3,000 ரூபாயும். பிள்ளை அம்மாவிடமே இருக்கிறது. தனிநபர் ஒரு பிள்ளைக்கு ஆதரவு தருவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவே ஒரு வகையாகச் சொல்கிறது. நாங்கள் அந்தத் தாள் எதுவும் போடவில்லை, குடும்பத்துக்குள் செய்தது. சொந்தத்தில் பிள்ளை கேட்டு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பிள்ளையை அழைத்து வருவதற்கு முன், பணமாகக் கொடுத்தால் அது தன் வீட்டிலேயே இருக்குமா என்று பாருங்கள். பெற்றோர் இருவரையும் இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளை என்றால், தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

சரி, அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது.

தத்து பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. விதிகள் தெளிவாக இருக்கின்றன. மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து வரிசையில் நிற்க வேண்டும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி கிடையாது. 2022 விதிமுறைப்படி தம்பதியின் வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள்: 2 வயது வரையிலான குழந்தைக்கு 85, 4 வயது வரை 90, 8 வயது வரை 100, அதற்கு மேல் 110. எங்களுடையது 93. ஆக, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைதான் எங்களுக்கு. கைக்குழந்தை ஆசையோடு போகும் நாற்பதுகளின் பிற்பகுதித் தம்பதிகள் இந்தக் கூட்டலை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் பொதுவாகச் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளையோ எளிதில் வீடு கிடைக்காத குழந்தைகளையோதான் எடுக்க முடியும். முன்பு நீதிமன்றம் போட்ட தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே போடுகிறார். அந்த ஒரு கட்டம் வேகமாகியிருக்கிறது. சின்னக் குழந்தைக்கான வரிசை வேகமாகவில்லை, வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பிள்ளை இல்லாத தம்பதி, முப்பதுகளில் இருப்பவர்கள், "எங்க பிள்ளை" என்று சொல்ல ஆசைப்படுபவர்கள் எல்லோரும் தத்துக்குத்தான் போக வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் சரி. அவர்கள் ஃபாஸ்டர் கேர் பக்கம் வருவதில் எனக்குப் பயம் உண்டு. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு மகள் இருக்கிறாள். "எங்க பிள்ளை" என்ற ஆசை தீர்ந்தவர்கள். அதனால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்துக்குப் போய் ஃபாஸ்டர் கேர் பற்றிக் கேட்டோம்.

தகுதி என்று பார்த்தால் பயப்படும்படி ஒன்றுமில்லை. இந்தியக் குடிமக்கள், குற்ற வழக்கில் தண்டனை பெறாதவர்கள், பிள்ளைக்குச் சோறு போடவும் படிக்க வைக்கவும் இடமும் வருமானமும் உள்ளவர்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் மருத்துவச் சான்று கேட்பார்கள், காசநோய், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி பரிசோதனை உட்பட. போலீஸ் சரிபார்ப்பு உண்டு. நம்மைத் தெரிந்த இரண்டு பேர் சொல்ல வேண்டும். 2024இல் வந்த ஒன்றிய அரசின் புதிய மாதிரி நெறிமுறையில் தம்பதியின் கூட்டு வயது குறைந்தது 70, கல்யாணமாகி இரண்டு வருடமாவது நிலையாக வாழ்ந்திருக்க வேண்டும். இங்கே கவனியுங்கள், தத்தில் வயது கூடினால் கதவு சாத்தப்படுகிறது, ஃபாஸ்டர் கேரில் வயது குறைந்தாலும் சாத்தப்படுகிறது. பழைய நெறிமுறையில் தம்பதிகளுக்கு மட்டும்தான் இடம். இப்போது 35 முதல் 60 வயதுக்குள் தனியாக இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். கல்யாணம் ஆகாதவர், துணையை இழந்தவர், விவாகரத்தானவர் எல்லோரும். பெண் என்றால் ஆண், பெண் எந்தப் பிள்ளையையும் வளர்க்கலாம், ஆண் என்றால் பையனை மட்டும். எங்கள் தெருவில் 52 வயதில் தனியாக இருக்கும் ஒரு டீச்சர் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை என்றார். மாதிரி நெறிமுறையை மாநிலங்கள் தங்கள் விதியோடு சேர்த்துத்தான் நடத்தும், எனவே உங்கள் மாவட்ட அலகில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பதுதான் உண்மையான பரீட்சை. வந்த பாதுகாப்பு அலுவலர் சின்ன வயசுப் பெண். ஹாலில் வைத்திருந்த ஷீல்டுகளையோ புது சோபாவையோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் உள்ளே இருந்து விழுகிறதா என்று போட்டுப் பார்த்தார். பிள்ளை எங்கே படுக்கும், அந்த அறைக்கு வேறு யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டில் போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார். அப்புறம் காபி குடித்துக்கொண்டே மனைவியிடம், "பையன் உங்க பர்ஸ்லேர்ந்து காசு எடுத்தா என்ன செய்வீங்க?" என்றார். அவள் யோசித்து, "கேப்பேன். அடிக்க மாட்டேன்" என்றாள். அடுத்த கேள்வி என்னிடம். "அவனோட அம்மா வந்து உங்க வாசல்ல நின்னா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஃபாஸ்டர் கேருக்கும் தத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கேள்விதான். பெற்றோர் தகுதியில்லாமலோ இயலாமலோ போனதால் பிள்ளை வந்திருந்தால், நலக்குழு தடுக்காதவரை அவர்கள் வந்து பார்க்கலாம் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் தேறிவிட்டார்கள் என்று குழு முடிவு செய்தால் பிள்ளை திரும்பிப் போகும். வந்து பார்ப்பவரை வாசலில் நிற்க வைப்பதா, உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதா, சாப்பாடு போடுவதா என்பதெல்லாம் எந்த விதியிலும் இல்லை. எங்கள் சொந்தத்தில் இன்னொரு கேள்வியும் வந்தது. "எந்த ஆளுங்க?" பதில் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி உங்கள் மனதிலேயே இருந்தால் விண்ணப்பிக்காமல் இருப்பதே பிள்ளைக்குச் செய்யும் உபகாரம்.

ஆணை வர எட்டு மாதம் ஆனது. எங்கள் கோப்பு நடுவில் மூன்று மாதம் ஒரே மேசையில் கிடந்தது. கேட்டால், அந்த இருக்கைக்கு ஆள் இல்லை என்றார்கள். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக்குழுதான் ஆணை போடும். முதலில் ஒரு வருடத்துக்கு மேல் போகாத குறுகிய காலம், பிறகு பிள்ளையின் நிலையைப் பார்த்து 18 வயது வரைகூட நீட்டிக்கலாம். எங்களிடம் வந்தவன் பதினொரு வயதுப் பையன். பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. அப்பா இல்லை. அம்மா நெடுநாள் மனநல சிகிச்சையில் இருக்கிறார்.

முதல் நாள் மத்தியானம் சாம்பாரும் உருளைக்கிழங்கும். சாப்பிட்டதும் தட்டை எடுத்துப்போய்க் கழுவினான். கழுவிவிட்டு, சொட்டுகிற தட்டைக் கையில் பிடித்தபடி சமையலறை நடுவில் நின்றான். அவன் இருந்த குழந்தைகள் இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் போட்ட தட்டு, அதற்கென்று ஓர் இடம். இங்கே எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருந்தது. எங்கே வைப்பது என்று கேட்கவும் அவனுக்குத் தெரியவில்லை. "எங்க வேணும்னாலும் வைடா" என்று நான் சொன்னது தப்பு. எங்கே வேண்டுமானாலும் என்றால் அவனுக்கு ஓர் இடமும் இல்லை. மனைவி போய் அலமாரியின் இரண்டாவது அடுக்கைக் காட்டி, "இது உன் இடம்" என்றாள். வைத்துவிட்டுப் போனான். டிவி போட, தண்ணீர் குடிக்க, பாத்ரூம் போக என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பது நிற்க மூன்று மாதம் ஆயிற்று. நின்ற பிறகு எதற்கும் கேட்பதில்லை, அது வேறு கதை.

பணம்: மாதம் 4,000 ரூபாய். மிஷன் வாத்சல்யாவுக்கு முன் இது 2,000 ஆக இருந்தது. எங்களுக்கு முதல் தவணை வர ஐந்து மாதம் ஆகி, மொத்தமாக வந்தது. ஷூ, சைக்கிள் ரிப்பேர், கணக்கு டியூஷன், ஒரு பல் வைத்தியம் என்று எழுதிப் பார்த்தால் 4,000 பத்தாது. இந்தத் தொகையை நம்பி இறங்குகிற வீடு இதில் இறங்கக் கூடாது. வீட்டு வேலைக்கு ஒரு கை கிடைக்கும் என்று நினைக்கிற வீடு, சொல்லவே வேண்டாம். மாதாமாதம் வந்து பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. சில மாதம் வருகிறார்கள், சில மாதம் போனில் விசாரிக்கிறார்கள். கவனிப்பு சரியில்லை என்றால் பிள்ளையை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிடலாம்.

சட்டத்தில் நமக்கு என்ன உரிமை என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. படிப்பு, உடம்பு, சாப்பாடு எல்லாம் நம் பொறுப்பு. பெற்றோர் என்ற உரிமை நமக்கு வராது. பள்ளியில் சேர்க்கும்போது இனிஷியல் அவன் அப்பாவுடையதுதான். நலக்குழு ஆணையின் நகலைக் கொடுத்துத்தான் சேர்த்தோம். நம் சொத்தில் அவனுக்குத் தானாகப் பங்கு வராது. கொடுக்க நினைத்தால் உயில் எழுத வேண்டும். குடும்பத்தோடு ஒரு வாரம் ராமேஸ்வரம் போகக் கூட நாங்கள் அலகுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் போனோம்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடம் ஃபாஸ்டர் கேரில் வளர்த்தால் அந்தப் பிள்ளையையே தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம் என்று 2024 நெறிமுறை சொல்கிறது. முன்பு இது ஐந்து வருடம். உடனே, தத்து வரிசையைத் தாண்ட இது குறுக்குவழி என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பிள்ளை சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்டிருந்தால்தான் அது நடக்கும். எங்கள் பையனைப் போல அம்மா இருக்கிற, அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது பொருந்தவே பொருந்தாது. போதாததற்கு, தத்துக்கு உரியது என்று குழு கருதும் குழந்தையை நீண்டகால ஃபாஸ்டர் கேருக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஃபாஸ்டருக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், தத்து கிடைக்காமல் வளர்ந்துவிட்டவர்கள், அல்லது வீடு இருந்தும் போக முடியாதவர்கள். கைக்குழந்தை வேண்டி ஃபாஸ்டர் கேருக்குப் போகிறவர் இரண்டு வருடம் கழித்து ஒரு தாயோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சண்டை பிள்ளைக்குக் கேட்கும்.

பெற்ற பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடு, நாற்பத்தைந்துக்கு மேல், பதின்ம வயதுப் பிள்ளையின் கோபத்தை ஒருமுறை பார்த்துப் பழகியவர்கள், போகும்போது வழியனுப்பத் தெம்பு இருப்பவர்கள்: ஃபாஸ்டர் கேர் உங்களுக்கு. வழியனுப்பும் தெம்பு இல்லை என்று தோன்றினால் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. பையனுக்குச் செய்ததைவிட திருப்பூர்ப் பெண்ணுக்குச் செய்ததுதான் பெரிது என்று மனைவி இன்றும் சொல்வாள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

போன மாதம் ஆணையை நீட்டிப்பது பற்றிப் பேச அதே அலுவலர் வந்திருந்தார். பையனைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு, பிறகு எங்கள் முன்னாலும் ஒருமுறை கேட்டார். "இங்கயே இருக்கியா?"

"அம்மாக்குச் சரியாகுற வரைக்கும்" என்றான்.

மனைவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீட்டிப்பு ஆணையிலும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருக்கிறார்கள், கொஞ்சம் நீளமான வாக்கியத்தில்.